வனத்து அந்தோனியார்

தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோனியார் என வழங்கும் பெரியார், பதுவை அந்தோனியாருக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் முற்பட்டவர். எகிப்து நாட்டிலே கி.பி. 251ஆம் ஆண்டளவிற் பிறந்தார். இருபது வயதளவிற் பெற்றோரை இழந்தார். ஏறக்குறைய 200 ஏக்கர் விளைநிலமும் சிறு தங்கையொருத்தியும் அவர் பொறுப்பாயின.

உள்ளதை விற்று ஏழைகளுக்கு ஈயுமாறு இயேசுநாதர் ஒரு செல்வனைப் பணித்த சுவிசேஷப் பகுதி ஆலயத்தில் வாசிக்கப்பட்டபோது, அது தமக்கே கூறியதெனக் கொண்டார். நிலத்தை ஊராருக்கு அளித்தார். பிற பொருள்களை விற்று, தங்கைக்கெனச் சிறிது வைத்து, எஞ்சியதை வறியோர்க்கு ஈந்தார். பின்னர் அச்சிறிதையும் ஈந்துவிட்டுத் தங்கையைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார். அண்ணன் பூண்ட துறவுக்கு அப்பெண்ணும் விலை கொடுத்தாள் என்பதை மறத்தலாகாது. முதுமையில் அவர் மீண்டும் கண்டபோது, அவள் பிற கன்னியருக்கு வழிகாட்டியாய் விளங்கினாள். எனினும், அவள் பெயரை அவருடைய சரிதம் குறிக்கவில்லை.

ஊர்ப்புறத்திலும் கல்லறையிலும் தவமிருந்தபின், நைல் நதியைக் கடந்து, பாழடைந்த கோட்டையொன்றிற் புகுந்து கதவை அடைத்தார். ஆண்டுக்கு இருமுறை மேலிருந்து அப்பம் இறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழிந்தன. ஈற்றில் அன்பர்கள் கதவைப் பெயர்க்க, உடல் தளராமலும் உள்ளங் கலங்காமலும் அவர் வெளிப்பட்டார். பேய்களோடு அவர் பொருத கதைகளையே ஓவியர் பெரிதும் விரும்பினர். அக்கதைகளினும் பின்னைய வாழ்வே அவரை நன்கு காட்டுவது.

311ஆம் ஆண்டளவிற் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, வனத்தை விட்டு அலெக்சாந்திரியா சென்று, சிறைப்பட்டோர்க்குத் தொண்டு புரிந்தார். பின்னர், கூட்டம் பெருகக் கண்டு, செங்கடலை அண்டிய மலையொன்றை நாடினார். அங்கு அப்பஞ் சுமந்து வருவோர் படும் பாட்டைக் கண்டு, மண்வெட்டியும் விதைத் தானியமும் கொணர்வித்துத் தாமே பயிரிட்டார். அம்மலைக்கும் மக்கள் வந்தனர். அவர்களை விரட்டினாரல்லர்; நெடுவழி நடந்து களைத்து வருவோர் உண்ணட்டும் என்று கீரையும் நட்டார்.

இறந்தோர் உடலைப் பதனிட்டு வீட்டில் வைத்திருக்கும் எகிப்திய வழக்கம் அவருக்கு உடன்பாடன்று. ஆகவே 356ஆம் ஆண்டில், நூற்றைந்து வயதில் அவர் மறைந்தபோது, அவர் பணித்தவாறே சீடர் இருவர் எவரும் அறியா இடத்தில் அடக்கஞ் செய்தனர்.

உடலை மறைத்தனர், பெயரை மறைத்தல் இயலவில்லை. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் கிரேக்க மொழியில் எழுதிய அவருடைய சரிதம், இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டு மேனாடெங்கும் பரவிற்று. 386ஆம் ஆண்டில், மிலான் நகரில், மனப்போராட்டத்தில் உழன்ற ஆசிரியர் ஒருவர், கற்றோர் பலரால் இயலாததை அவ்வெகிப்தியர் செய்து முடித்ததைக் கேட்டு வெட்கினார். அவ்வாசிரியரே பின்னாளில் அகுஸ்தீனார் எனப் புகழ்பெற்றவர்.