ஜனத்தொகையும் நேர்கோட்டுக் கணக்கும்
(கம்பம் பள்ளத்தாக்குக் கிராம ஊழியர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கிராமத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுகிறவர் இன்றுள்ள ஜனங்களை மாத்திரம் எண்ணினால் போதாது. இன்னும் இருபது வருஷத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் உத்தேசிக்க வேண்டும். அதற்கு மிக எளிய வழி, பள்ளிக்கூடத்தில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடே.

தேனி ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். 2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 10,93,950 பேர். 2011-ல் 12,45,899 பேர். வித்தியாசத்தைப் பத்தால் வகுத்தால் வருஷத்துக்குச் சுமார் 15,195 வருகிறது. 2001-க்குப்பின் கழிந்த வருஷங்களை இத்தொகையால் பெருக்கி, 10,93,950-உடன் கூட்டவேண்டியதுதான். 2021-க்கு விடை 13,97,850. கொரோனா நோயினால் அவ்வருஷத்துக் கணக்கெடுப்பு நடவாமற் போனபடியால், இத்தகைய உத்தேசங்களைக் கொண்டே காரியம் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆனால் இக்கோட்டை எவ்வளவு நம்பலாம்? 1991-ல் இப்பகுதியில் ஏறக்குறைய 10,49,000 பேர் இருந்தனர். (தேனி தனி ஜில்லாவானது 1996-ல்; அதற்குமுன் மதுரையைச் சேர்ந்திருந்தது.) ஆகவே அந்தப் பத்து வருஷத்தில் கூடியவர்கள் சுமார் 45,000 பேரே. 2001-ல் ஒருவர் அதைக்கொண்டு கோடு கிழித்திருந்தால், 2011-க்கு 11,39,000 என்றே சொல்லியிருப்பார். வந்ததோ அதற்கு மேல் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அத்தனை பேருக்கும் அவர் கணக்கில் தண்ணீர் கிடையாது!

வருஷந்தோறும் ஒரே தொகை கூடும் என்பது கோட்டின் அனுமானம். ஊரோ அப்படி நடப்பதில்லை. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கியதையோ, ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களின் போக்குவரத்தையோ கோடு அறியாது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியாவின் ஜனத்தொகையே சற்றுக் குறைந்தது. 1918-ம் வருஷத்து இன்புளுயன்சா அதற்குப் பிரதான காரணம்.

ஆதலால் ஒரு கோடு போதாது, இரண்டு கிழியுங்கள். 2011-லிருந்து வருஷத்துக்கு 4,500 வீதம் கூட்டினால் 2031-ல் சுமார் 13,36,000. 15,195 வீதமானால் சுமார் 15,50,000. தமிழ்நாட்டில் பிறப்பு வெகுவாகக் குறைந்துவிட்டபடியால், மேற்கோட்டை எட்டமாட்டோம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் பூமிக்குள் புதைக்கும் குழாயை மேற்கோட்டின்படி போடுங்கள். அதைத் தோண்டி மாற்றுவது பெருஞ்செலவு. தொட்டியைக் கீழ்க்கோட்டின்படி கட்டலாம். பக்கத்தில் இன்னொன்று கட்ட இடம் மாத்திரம் விட்டுவையுங்கள். வருஷந்தோறும் ஜனன மரணப் பதிவேட்டையும், குடியேறினவர், வெளியேறினவர் தொகையையும் பார்த்துக் கோட்டைத் திருத்தி வாருங்கள்.