அபராதத்தோடு முடிவதில்லை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவதுதான் மரபு. நானோ நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக் காலங்கழிப்பவன். "நம் குடும்பங்களுக்குப் பயன்படுமாறு சட்டம் ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் பணித்தார். எதைப் பேசுவது என்று எண்ணியபோது, கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகையின் நினைவு வந்தது. குடிப்பவனுக்கு வரும் இழிவையும், அவனைப் பெற்றவள் படும் துயரையும் அவர் கூறிவிட்டார். ஆனால் அவர் காலத்தில் மோட்டார் வண்டி இல்லை. குடித்தவன் தானே விழுந்தான். பிறரை வீழ்த்தும் வல்லமை அவனுக்கு இல்லை. இன்று அவ்வல்லமை அவன் சட்டைப்பையிலுள்ள ஒரு சாவியில் இருக்கிறது. எனவே குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் சட்டம் என்ன செய்யும் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். மதுவிலக்குப் பிரசாரம் செய்வது என் நோக்கமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், பொறியியல் படித்து, மும்பைக்கு வந்து, நல்ல வேலையில் அமர்ந்தவர். நண்பர் ஒருவர் திருமண வரவேற்பிலிருந்து ஸ்கூட்டரில் திரும்புகையில் போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். மறுநாள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, அன்றைக்கே அலுவலகத்துக்கும் போய்விட்டார். "வெறும் பைன்தானே சார்" என்றே அதை நினைத்திருந்தார். ஈராண்டு கழித்துப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் உயர்ந்த பதவி கிடைத்தது. 'எக்குற்றத்திற்காகவேனும் தண்டிக்கப்பட்டதுண்டா?' என்று படிவம் கேட்டது. 'இல்லை' என்று எழுதினார். காவல்துறைச் சரிபார்ப்பில் உண்மை வெளிப்பட்டது. பதவி போயிற்று. குடித்ததைவிடப் பொய் எழுதியதே அவருக்குப் பெரிய குற்றமாய் முடிந்தது. அவர் பொய்யர் அல்லர். தாம் தண்டிக்கப்பட்டவர் என்பதையே அறியாதவர். அந்த அறியாமை நம்மவரிடையே பரவலாக இருப்பதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியைக் கட்டுக்குள் வைக்க இயலாத அளவுக்குப் போதையில் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டுமென்று கூறியது. அதனால் "நான் நன்றாகத்தான் ஓட்டினேன்" என்று வாதாட இடமிருந்தது. இப்பொழுது நடப்பில் உள்ளது 1988ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 185ஆம் பிரிவு, 1994இல் செய்த திருத்தத்தின்படி, ஓர் எண்ணைக் குறித்துவிட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதாக மூச்சுப் பரிசோதனைக் கருவி காட்டினால் அதுவே குற்றம். எவ்வளவு திறமையாக ஓட்டினீர்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. ஓட்டுவது மட்டுமன்று, ஓட்ட முயல்வதும் குற்றமே. காருக்கும் ஸ்கூட்டருக்கும் வேறுபாடு இல்லை.

மதுவோடு இது நின்றுவிடவில்லை. போதைப் பொருளுக்கு இத்தகைய எண் வரையறை கிடையாது. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் இருந்தால் போதும். மனத்தை மயக்கும் மருந்துகளும் இதில் அடங்கும். டாக்டர் எழுதித் தரும் தூக்க மாத்திரைகளில் சில அவ்வகையைச் சேர்ந்தவை. "மருந்துச் சீட்டு இருக்கிறதே" என்பது மாத்திரையை வைத்திருப்பதற்குச் சமாதானம் ஆகலாம். மயக்கத்தோடு வண்டி ஓட்டியதற்குச் சமாதானம் ஆகாது.

தண்டனை என்ன? 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறை அகப்பட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அகப்பட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். இவற்றோடு, போலீஸ் அதிகாரி லைசென்ஸைக் கைப்பற்றி, தகுதி நீக்கத்திற்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் சட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல போக்குவரத்துக் குற்றங்களுக்குத் தொகை கட்டி அவ்விடத்திலேயே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். 185ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. குற்றவியல் நடுவர் முன் நின்றே ஆக வேண்டும். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டினால், அதன் பெயர் தண்டனைத் தீர்ப்பு. அந்த இளைஞர் அறியாதது இதைத்தான். அரசுப் பணிக்கான படிவங்களில் உண்மையை மறைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் விளக்கமாகத் தீர்ப்புரைத்திருக்கிறது. ஆகவே ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டால், பின்னர் எந்தப் படிவத்திலும் அதை மறைக்காதீர்கள்.

தடுத்து நிறுத்தப்படும்போது எவ்வாறு நடந்துகொள்வது? பரிசோதனை கேட்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்க வேண்டும். கருவியின் ஊதுகுழல் புதியதா என்று பாருங்கள். அது காட்டும் எண்ணைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஊத மறுப்பது சாமர்த்தியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். தக்க காரணமின்றி மறுத்தால், அம்மறுப்பையே வழக்குக்குத் துணையான சான்றாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 205ஆம் பிரிவு; மறுப்பவரைக் கைது செய்யவும் இடமுண்டு. நமக்குரிய பாதுகாப்பும் சட்டத்தில் இருக்கிறது. 185ஆம் பிரிவின்கீழ் வாரண்டு இன்றிக் கைதானவரை 2 மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்; தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு கட்டளையிடுகிறது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றோர் இடர் உண்டு. இது ஜாமீனில் விடத்தக்க குற்றம்தான். ஆனால் ஜாமீனுக்கு நிற்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டுமே! நள்ளிரவில், உறவினர் எவருமில்லாத ஊரில், ஊருக்கு வந்து ஆறு மாதமேயான பையன் யாரைக் கூப்பிடுவான்? காவல் நிலையத்திலே எழுதும் தாள்களோ மராத்தியில் இருக்கும். வாசிக்கத் தெரியாத தாளில் அவசரத்தால் கையெழுத்திட்டுப் பின்னர் வருந்தியவர்களை நான் அறிவேன். படித்துப் பொருள் சொல்லச் செய்து, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.

இதுவரை கூறியது, எவருக்கும் தீங்கு நேராத இடத்தில். உயிரிழப்பு நேர்ந்துவிட்டாலோ கதையே வேறு.

2006ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலை. இதே மும்பையில், பாந்திராவின் கார்ட்டர் சாலையில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது ஒரு கார் ஏறியது. 7 பேர் மாண்டனர். 8 பேர் காயமுற்றனர். ஓட்டியவர் குடித்திருந்தார். அசட்டையால் நேர்ந்த மரணம் என்று கொண்டு கீழ் நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் அதனைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கொண்டு 3 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததோடு, அத்தண்டனையும் போதாது, ஆனால் அதனைக் கூட்டுமாறு அரசு மேல்முறையீடு செய்யவில்லை என்று குறிப்பிட்டது. 1999இல் டில்லி லோதி சாலையில் 6 பேர் உயிரிழந்த வழக்கிலும் அதே 2012இல் உச்ச நீதிமன்றம் அதே குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொண்டது. ஒரு குடும்பம் பதின்மூன்று ஆண்டுகள் நீதிமன்ற வாயிலில் நின்றது. மாண்டோரின் குடும்பங்களும் அவ்வாறே நின்றன.

வேறுபாடு என்ன? அசட்டை என்பது ஒன்று. குடித்த நிலையில் இப்படி ஓட்டினால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே ஓட்டுவது மற்றொன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் முன்னதற்கு 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரையிலும், பின்னதற்கு 105ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரையிலும் சிறை உண்டு. பின்னது எளிதில் ஜாமீன் கிடைக்காத குற்றம்.

பொருள் இழப்பையும் எண்ணுங்கள். போதையில் ஓட்டிய வண்டியின் சேதத்திற்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்பதில்லை. பாலிசியிலேயே அவ்வாறு எழுதியிருக்கும். 2007இல் டில்லி இந்தியா கேட் அருகே சேதமுற்ற கார் ஒன்றின் வழக்கில், மூச்சு அல்லது இரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிடினும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு நிறுவனம் பணம் மறுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் இழப்பீடு கொடுத்து, பின்னர் அத்தொகையை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் ஆணையிட்டதும் உண்டு. கடன் வாங்கிக் கட்டிய பிளாட்டும், பெண்ணின் திருமணத்துக்குச் சேர்த்த பணமும் அந்த வசூலில் கரையக்கூடும்.

அடுத்து, ஓட்டாதவர்களுக்கும் ஒரு சொல். இக்குற்றத்திற்குத் துணை நிற்பவனுக்கும் அதே தண்டனை என்கிறது 188ஆம் பிரிவு. "ஒன்றும் ஆகாது, ஓட்டு மச்சான்" என்று தூண்டிவிடும் தோழர்கள் இதனை நினைவில் வைக்கட்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் கையில் சாவியைக் கொடுத்துப் பெருமைப்படும் தந்தையரும் கேளுங்கள்: அப்பிள்ளை குற்றம் புரிந்தால், தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தாலன்றி, 199அ பிரிவின்படி தந்தைக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. பிள்ளைக்கோ இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

"எலுமிச்சைச் சாறு குடித்தேன், மோர் குடித்தேன், தலைக்குக் குளித்தேன், போதை தெளிந்துவிட்டது" என்பார்கள். தூக்கம் தெளியலாம்; இரத்தம் தெளியாது. சராசரி உடம்பில் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும். நள்ளிரவில் 120 இருந்தால் காலை ஆறு மணிக்கும் 30 இருக்கும். இரவு விருந்துண்டவர் மறுநாள் விடியலில் பிள்ளையைப் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகையிலும் குற்றவாளியாகக்கூடும்.

நண்பர்களே, இத்தனை பிரிவுகளையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சிறு ஏற்பாடு போதும். நம் காலனியில் விருந்து நடக்கும் வீட்டில், வாசலிலேயே சாவிகளை வாங்கி வைக்கக் குடியாத ஒருவரை நியமியுங்கள். தள்ளாடுபவருக்கு டாக்ஸி அழைத்துக் கொடுங்கள். இளைஞர்கள் இரவில் கூப்பிடத் தயங்காத தொலைபேசி எண்கள் இரண்டைச் சங்கம் அறிவிக்கட்டும். அவ்வெண்ணில் அழைப்பவனை எவரும் கடிந்துகொள்ள வேண்டாம். அவற்றுள் ஒன்று என்னுடையதாக இருக்கட்டும். காவல் நிலையத்திலிருந்து என்னை அழைப்பதைவிட, விருந்து வீட்டு வாசலிலிருந்து அழைத்தால் எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஊரிலிருக்கும் பெற்றோர் நம்மை நம்பித்தான் பிள்ளைகளை இவ்வளவு தூரம் அனுப்பியிருக்கிறார்கள். கார்ட்டர் சாலையில் உறங்கியவர்களும் எங்கோ ஓர் ஊரில் பெற்றோரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள்தாம். இரு தரப்புத் தாய்மார்களையும் நினைவில் வைத்துக்கொண்டு சாவியைத் தொடுவோமாக.