முதல் ட்ராக் டே: வேகமா போறதுக்கு முன்னாடி நிக்கக் கத்துக்கலாம்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

ட்ராக் டே பத்தி பேசுங்கனு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. இன்னிக்கு பேசிடலாம். ஆனா நான் ட்ராக்ல ஆரம்பிக்கப் போறதில்ல, ஈசிஆர்ல ஆரம்பிக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஆடி டிடி வாங்கின புதுசு. ஞாயிற்றுக்கிழமை, விடிஞ்சும் விடியாத நேரம். ரோடு காலியா இருக்குனு ஸ்பீடோமீட்டர் 130-ஐத் தொட்டுடுச்சு. அப்போ ஒரு சந்துலேர்ந்து மீன் கூடையைக் கட்டிக்கிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்-ல ஒரு பெரியவர் ரோட்டைக் கிராஸ் பண்றார். நான் பிரேக்கை மிதிச்சேன், கார் நின்னுச்சு. அவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு கார் நீளம்தான் இடம். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, சும்மா பார்த்துட்டுப் போயிட்டார். அந்தப் பார்வை இன்னும் என்கூடவே இருக்கு.

130-ல போற கார் ஒரு செகண்டுக்கு 36 மீட்டர் போகும். நான் அவரைப் பார்த்து காலை எடுத்து பிரேக்ல வைக்கிறதுக்குள்ளயே அவ்வளவு தூரம் போயிருக்கும். அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன், வேகமா ஓட்டணும்னா அதுக்குன்னு இருக்கிற இடத்துல ஓட்டணும்.

ட்ராக் டே ரேஸ் கிடையாது

இதை முதல்ல மனசுல பதிய வைங்க. ட்ராக் டேன்னா உங்க சொந்தக் காரை ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போய், எதிர்ல வண்டி வராத, குறுக்கே ஆள் வராத இடத்துல ஓட்டிப் பழகுறது. கப்பு கிடையாது, மெடல் கிடையாது. பொதுவா புதுசா வர்றவங்களை ஒரு குரூப்பாவும், பழகினவங்களை வேற குரூப்பாவும் பிரிச்சு, 15, 20 நிமிஷ செஷன்களா விடுவாங்க. கண்ட இடத்துல ஓவர்டேக் பண்ண முடியாது. முன்னாடி போறவர் கையைக் காட்டி வழி விட்டாத்தான் போகலாம், அதுவும் ஸ்ட்ரெயிட்ல மட்டும்.

நமக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை இருக்கு. 1990-ல திறந்த ட்ராக். முழு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 கார்னர். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே. அது சின்னது, ஆனா பழகுறதுக்கு அருமையான ட்ராக்.

"ப்ரோ, என்கிட்ட ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே?" ஸ்விஃப்ட் போதும், போலோ போதும். கம்மி பவர் கார்ல பண்ற தப்பு மெதுவா நடக்கும், திருத்திக்க நேரம் கிடைக்கும். 300 குதிரை சக்தில நடக்கிற தப்பு, நீங்க புரிஞ்சுக்கிறதுக்குள்ள முடிஞ்சு போயிருக்கும்.

காரை ரெடி பண்றது

எல்லாரும் எக்ஸாஸ்ட், ரீமேப்னு ஆரம்பிப்பாங்க. அந்தக் காசை எடுத்து வைங்க. முதல்ல பிரேக் ஃப்ளூயிட் மாத்துங்க.

ஏன்னு சொல்றேன். 140-லேர்ந்து 70-க்கு குறைக்கிறீங்க. வேகம் பாதிதான் குறைஞ்சிருக்கு, ஆனா காரோட இயக்க ஆற்றல்ல முக்கால் பங்கு போயிருக்கு. அது அவ்வளவும் பெரும்பாலும் டிஸ்க்லயும் பேட்லயும் சூடா இறங்குது. ரோட்ல இப்படி எப்பவாவது ஒருதடவை பிடிப்பீங்க. ட்ராக்ல சுற்றுக்கு சுற்று, திரும்பத் திரும்ப.

பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். புது டாட் 4 ஃப்ளூயிட் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறின ஃப்ளூயிட்டுக்கு அந்த அளவு 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். கொதிச்சா உள்ள ஆவி உருவாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், கார் நிக்காது.

அடுத்து பேட்ல எவ்வளவு மிச்சம்னு பாருங்க. டயர்ல வெடிப்பு, பக்கவாட்டுல வீக்கம் இருந்தா கிளம்பவே வேண்டாம். வீல் நட் எல்லாம் டார்க் ரெஞ்ச் வச்சு சரியான அளவுக்கு டைட் பண்ணுங்க. டயர் சூடானா பிரஷர் ஏறும். ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் செக் பண்ணுங்க. காருக்குள்ள வாட்டர் பாட்டில், ஃப்ளோர் மேட், டேஷ்போர்டு பிள்ளையார், எல்லாத்தையும் எடுத்துடுங்க. பெடலுக்கு அடியில ஒரு பாட்டில் உருண்டு போனா பிள்ளையாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

முக்கியமா இன்ஷூரன்ஸ். நம்ம ஊர் மோட்டார் பாலிசியில ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங்குக்கெல்லாம் கவர் கிடையாதுனு எழுதியிருக்கும். ட்ராக்ல இடிச்சா செலவு உங்களோடதுனு நினைச்சுக்கிட்டே போங்க. ஈஎம்ஐ கட்டிட்டு இருக்கிற காரா இருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

கொடி, கண், கை

காலைல பிரீஃபிங்ல தூங்காதீங்க. மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து: மெதுவா போங்க, ஓவர்டேக் கூடாது. சிவப்புன்னா செஷன் நிறுத்தியாச்சு. நீலம்னா பின்னாடி வேகமான கார், வழி விடுங்க. கறுப்பு உங்களைக் காட்டி ஆட்டினா பிட்டுக்கு வாங்க. செக்கர்டு கொடின்னா செஷன் முடிஞ்சுது.

ஓட்டும்போது மூணு விஷயம் போதும். ஒண்ணு, பிரேக் எல்லாத்தையும் ஸ்டியரிங் நேரா இருக்கும்போதே முடிங்க. ரெண்டு, எங்க போகணுமோ அங்க பாருங்க. சுவரைப் பார்த்தா கை தானா சுவர் பக்கம் திருப்பும். மூணு, கார்னர் நடுவுல பயந்து ஆக்ஸிலரேட்டரை டக்குனு விடாதீங்க. எடை முன்னாடி சாயும், பின் டயர் பிடிமானம் குறையும், கார் சுத்திடும். ரெண்டு சக்கரம் புல்லுல இறங்கிட்டா வெடுக்குனு இழுக்காதீங்க. நேரா விட்டு, வேகம் குறைஞ்சப்புறம் ஏறுங்க.

நான் பண்ணின தப்பு

இவ்வளவு அட்வைஸ் பண்றேனே, என் முதல் ட்ராக் டேக்கு ஃப்ளூயிட் மாத்தாமத்தான் போனேன். புது டயர் போட்டிருந்தேன், ஹெல்மெட்டுக்கு மேட்சா கிளவுஸ் வாங்கியிருந்தேன்.

ரெண்டாவது செஷன், அஞ்சாவது சுற்று. பக்கத்து சீட்ல இன்ஸ்ட்ரக்டர். மெயின் ஸ்ட்ரெயிட் முடியுது, பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் போகுது. வயித்துல என்னமோ கரையுது. அவர் குரலை ஏத்தவே இல்லை: "பம்ப் பண்ணுங்க தம்பி, பம்ப் பண்ணுங்க. கியரைக் குறைங்க. ஸ்டியரிங் நேராவே இருக்கட்டும்." கார் ட்ராக்கை விட்டு வெளிய போய், புல்லு, மண்ணு எல்லாம் தாண்டி நின்னுச்சு. எங்கேயும் இடிக்கல. வெளிய அவ்வளவு காலி இடம் இருந்ததாலதான் இன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டு இருக்கேன்.

மெதுவா பிட்டுக்கு வந்ததும் கேட்டார், "ஃப்ளூயிட் எப்போ மாத்தினீங்க?"

என்கிட்ட பதில் இல்லை.

ஆறினதும் பெடல் கொஞ்சம் டைட் ஆச்சு. "சார், இப்போ ஓகேதான், இன்னும் ரெண்டு செஷனுக்கு காசு கட்டியிருக்கேன்"னு இழுத்தேன். அவர் சொன்னார், "தம்பி, காசு போனா அடுத்த மாசம் சம்பாதிச்சுக்கலாம். கொதிச்ச ஃப்ளூயிட்டை நம்பி யாரையும் நான் உள்ள விட மாட்டேன்." கோபம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அன்னிக்கு ஈசிஆர்லயும் இதே ஃப்ளூயிட்தான் உள்ள இருந்துச்சு.

காரை ஃப்ளாட்பெட்ல ஏத்தித்தான் வீட்டுக்கு வந்தேன்.

அதுக்கப்புறம் ஒழுங்கா ரெடி பண்ணிட்டு பலதடவை போயிருக்கேன். செஷன் முடியுறப்போ கடைசி சுற்றை மெதுவா, பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டி ஆற விடுவேன். பிட்ல ஹேண்ட்பிரேக் போட மாட்டேன். கியர்ல நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன். ஒரு கார்னரை ஒழுங்கா எடுக்க வந்துட்டா கிடைக்கிற சந்தோஷம் இருக்கே, அதை வாயால சொல்ல முடியாது, போய்ப் பாருங்க.

இப்பவும் ஞாயிற்றுக்கிழமை காலைல ஈசிஆர் போவேன், இட்லி சாப்பிட. 70-ஐத் தாண்டுறதில்ல. கட்டுப்பாடா இருக்கேன்னு பெருமைக்குச் சொல்லல. கார் நிக்க எவ்வளவு இடம் வேணும்னு இப்போ எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் ட்ராக் டே போறவங்க வீட்ல சொல்லிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி ஃப்ளூயிட் மாத்துங்க.