காயம் ஆறும் விதம்: வளர்ச்சிக் காரணிகளும் நமது கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். காய் நறுக்கும்போது விரலில் கத்தி படுகிறது, இரத்தம் கசிகிறது, சில நாட்களில் காயம் ஆறிவிடுகிறது, அதை நாம் மறந்தும் விடுகிறோம். ஆனால், நீரிழிவு நோயாளி ஒருவரின் பாதத்தில் ஏற்படும் அதே அளவுப் புண், மாதக்கணக்கில் ஆறாது நின்று, இறுதியில் காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டு சென்றதையும் நாம் அறிவோம். ஒரு காயம் ஆறுகிறது. மற்றொன்று ஏன் ஆறவில்லை? இதற்கான விடையின் ஒரு முக்கியப் பகுதி 'வளர்ச்சிக் காரணிகள்' எனப்படும் புரதங்களில் அடங்கியுள்ளது.

இவை கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 1950களில், ரீட்டா லெவி-மோன்டால்சினி என்ற இத்தாலிய அம்மையாரும் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க அறிஞரும் நரம்புகளை வளரச் செய்யும் பொருளொன்றை ஆராய்ந்து வந்தனர். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வழக்கமாக ஏறத்தாழ இரண்டு வாரங்களில் திறக்கும் அவற்றின் கண்ணிமைகள் ஒரு வார அளவிலேயே திறந்துகொண்டன. பற்களும் முன்கூட்டியே முளைத்தன. இதனைத் தொடர்ந்து ஆராய்ந்த கோஹன், தோலின் மேற்படலச் செல்களைப் பெருகச் செய்யும் புரதம் அச்சாற்றில் இருப்பதைக் கண்டு, 1962-இல் அதனைப் பிரித்தெடுத்தார். அதுவே 'மேல்தோல் வளர்ச்சிக் காரணி' ஆகும். இவ்விருவருக்கும் 1986-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, காயம் பட்ட இடத்தில் நிகழ்வது என்ன என்று காண்போம். டெங்குக் காய்ச்சலின்போது 'பிளேட்லெட் குறைந்துவிட்டது' என்று கேள்விப்படுகிறோம் அல்லவா? அந்த இரத்தத் தட்டணுக்களே காயத்தில் முதலில் ஒன்றுகூடி, இரத்தம் உறைய உதவுகின்றன. அத்துடன் தம்முள் சேமித்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் அவ்விடத்தில் வெளிவிடுகின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று வெள்ளை அணுக்கள் வந்து, கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. துப்புரவுப் பணி முடிந்ததும் அவற்றுள் ஒரு வகை அணுக்கள் தாமே மேலும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. ஒரு காரணி நார்த்திசுச் செல்களை வரவழைத்து 'கொலாஜன்' என்னும் இழைகளை உருவாக்கச் செய்கிறது. மற்றொன்று புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. வேறொன்று விளிம்பிலுள்ள தோல் செல்களை நகர்ந்து வந்து காயத்தை மூடச் செய்கிறது. கட்டுமானப் பணியில் கொத்தனாரையும் சித்தாளையும் தச்சரையும் உரிய நேரத்தில் அழைக்கும் மேஸ்திரியைப் போன்றவை இவை எனலாம்.

ஆனால், மேஸ்திரி அழைத்தால் மட்டும் வீடு எழும்பிவிடுமா? செங்கல்லும் மணலும் வந்து சேர வேண்டும். வேலையாட்களுக்கு வலிமை வேண்டும். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் இவையே குறைகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்கி அடைபடுவதால் உயிர்வளியும் ஊட்டமும் போதுமான அளவு வந்து சேர்வதில்லை. நரம்புகள் உணர்விழப்பதால் முள் குத்தியதும் தெரிவதில்லை. புண்ணின் மீதே ஊன்றி நடக்கிறோம். நீண்ட நாள் ஆறாத புண்ணில் ஊறும் நீரில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்து, வளர்ச்சிக் காரணிகளையே அழித்துவிடுகின்றன.

அப்படியானால் அக்காரணியை வெளியிலிருந்து மருந்தாகத் தரலாமே என்று அறிஞர்கள் எண்ணினர். தட்டணுக்களிலுள்ள வளர்ச்சிக் காரணியை மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரித்து, 'பெகாப்ளெர்மின்' என்ற பெயரில் பூசு மருந்தாக்கினர். நீரிழிவுக் கால் புண்ணுக்கு இதனை அமெரிக்க அரசு 1997-இல் அனுமதித்தது. 1998-இல் வெளியான ஆய்வில், இருபது வாரங்களில், இம்மருந்து பூசப்பட்டோரில் நூற்றுக்கு ஐம்பது பேருக்கும், மருந்தில்லாக் களிம்பு பூசப்பட்டோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கும் புண் முழுமையாக ஆறியது. இது நன்மையே, எனினும், மருந்து பூசியவர்களிலும் பாதிப் பேருக்கு அக்காலத்துள் ஆறவில்லை என்பதையும் நாம் நோக்க வேண்டும். இம்மருந்து குறித்து 1996-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இறந்த திசுக்களை அடிக்கடி வெட்டி அகற்றித் தூய்மை செய்த மருத்துவ மையங்களில் கூடுதலான புண்கள் ஆறின என்று காட்டியது.

மேலும், செல்களைப் பெருகச் செய்யும் பொருளாதலால் இதற்கு எச்சரிக்கையும் தேவை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழல்கள் பயன்படுத்தியோரிடையே புற்றுநோய் மரணம் கூடுகிறதோ என்ற ஐயத்தால், 2008-இல் கடும் எச்சரிக்கை வெளியிடப்பட்டது. பிந்தைய தரவுகளை ஆராய்ந்த பின்னர் 2018-இல் அந்தக் கடும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. எனினும், புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருந்தால் இதனைப் பூசலாகாது. ஆகவே இத்தகைய மருந்துகளை நாமே கடையில் வாங்கிப் பூசிக்கொள்வது முறையன்று.

பெரியோர்களே! இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. ஆறுவதற்கான ஆற்றல் உடலிலேயே உள்ளது. அது வேலை செய்வதற்குரிய நிலையை ஏற்படுத்தித் தருவதே நமது கடமை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், புகைப்பழக்கத்தை விடுதல், புண் உள்ள காலுக்குப் பாரம் தராதிருத்தல், காலில் இரத்த ஓட்டத்தைச் சோதித்துக் கொள்ளுதல், உரிய காலத்தில் புண்ணைத் தூய்மை செய்துகொள்ளுதல் ஆகியவை இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த மருந்தாலும் பயன் கிட்டாது. காபித் தூளையும் சுண்ணாம்பையும் புண்ணில் அப்பிக்கொண்டு நாட்களைக் கடத்துவது காலை இழப்பதற்கான வழியாகும்.

நாள்தோறும் ஐந்து வேளை உளூச் செய்யும் நமக்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. கால்களைக் கழுவும்போதே உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் உற்று நோக்குவோம். கழுவிய பின் ஈரம் தங்காமல் துடைப்போம். கண்பார்வை குன்றிய முதியோரின் பாதங்களைப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். சிறு கொப்புளமோ நிறமாற்றமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். புண் நனையலாகாது என்று மருத்துவர் கூறினால் அதற்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

நிர்வாகிகளிடம் இரு வேண்டுகோள்கள். கோடைக்கால ஜும்ஆ நேரத்தில் நம் பள்ளிவாசல் முற்றத்துக் கல் தகிக்கிறது. உணர்வற்ற பாதம் அச்சூட்டை அறியாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியவரும். செருப்பு விடும் இடத்திலிருந்து வாயில் வரை விரிப்பு இட வேண்டும். அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அழுத்திப் பார்த்தே உணர்விழப்பைக் கண்டறிந்து விடலாம். சில நிமிடங்களே பிடிக்கும். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு, ஒருவர் காலை இழந்தால் அவர் குடும்பம் சுமக்கும் பாரத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.