ராஜ்ய சபையும் நமது பவர் டேபிளும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

போன வாரம் கேட் கூட்டம் முடிந்ததும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "ஏனுங்க தோழர், டில்லியில ஒருத்தரு எந்திரிச்சுப் பேசுனா எனக்குப் பீஸ் ரேட்டுல அஞ்சு காசு ஏறுமாங்க?"

நியாயமான கேள்வி. சிரித்துத் தட்டிக் கழிக்கக்கூடாது. இன்றைய வகுப்பு அந்தத் தோழருக்கான பதில்தான்.

ராஜ்ய சபையின் மொத்த இடங்கள் 245. இதில் 12 பேர் ஜனாதிபதியின் நியமனம். தமிழ்நாட்டுக்கு 18 இடம். நாம் தேர்ந்தெடுக்கும் எம்.எல்.ஏ.க்கள் இவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு வருஷம். பண மசோதாவை இந்தச் சபை தடுக்க முடியாது. 14 நாளைக்குள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் மற்ற மசோதாக்களில் கேள்வி கேட்கலாம், திருத்தம் கொடுக்கலாம், கமிட்டியில் உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாக அலசலாம், தானே ஒரு மசோதாவும் கொண்டு வரலாம்.

இந்தக் கருவிகளை எடுத்து உழைத்தவர்கள் உண்டு. தோழர் பூபேஷ் குப்தா 1952-ல் சபை பிறந்த நாள் முதல் 1981-ல் காலமாகும் வரை அங்கே இருந்தார். தோழர் பார்வதி கிருஷ்ணன் 1954 முதல் 1957 வரை ராஜ்ய சபையில் இருந்தார். 1957-ல் கோவை ஜனங்கள் அவரை லோக் சபைக்கு அனுப்பினார்கள். வேறு கட்சிக்காரர் செய்ததையும் சொல்ல வேண்டும். தி.மு.க.வின் திருச்சி சிவா திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகக் கொண்டு வந்த தனிநபர் மசோதா, 2015 ஏப்ரல் 24-ல் ராஜ்ய சபையில் ஒருமனதாக நிறைவேறியது. லோக் சபையில் அது நிறைவேறவில்லை. ஆனாலும் சர்க்கார் சும்மா இருக்க முடியவில்லை. தானே ஒரு மசோதா கொண்டு வந்து 2019-ல் சட்டமாக்கியது. குறையுள்ள சட்டம்தான். இருந்தாலும் பிரச்னையை மேஜைக்குக் கொண்டு வந்தவர் ஒற்றை அங்கத்தினர்.

ஓர் எண்ணில் என்ன இருக்கிறது?

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் பெரிய வார்த்தைகளைப் பார்த்து மயங்காதீர்கள். எண்ணைப் பாருங்கள்.

பழைய சட்டப்படி, விசையால் மிஷின் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் அது 20. நம் ஊர் ஜாப் ஒர்க் பவர் டேபிளில் எத்தனை பேர்? பன்னிரண்டு, பதினைந்து. காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேருக்கு என்றிருந்தது 50 ஆயிற்று. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் சர்க்கார் அனுமதி வாங்க வேண்டிய எல்லை 100-லிருந்து 300 ஆயிற்று. ஐம்பது மிஷினை நாலு கூரையின் கீழ் நாலு பெயரில் பிரித்து வைக்கத் தெரிந்த முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்நோட்டீஸ் என்பது முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் இருந்தது. இப்போது எல்லாத் தொழிலுக்கும். பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம். 1984-ல் பஞ்சப்படிக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் நின்றார்களே, அதை நினைத்துக்கொண்டு இந்த ஷரத்தைப் படியுங்கள்.

இவை எப்படி நிறைவேறின? நாடாளுமன்றத் தொழிலாளர் நிலைக்குழுவில் ராஜ்ய சபைத் தோழர் எளமரம் கரீமும், நம் திருப்பூர்த் தொகுதியின் லோக் சபை அங்கத்தினர் தோழர் கே. சுப்பராயனும் மாறுபட்ட கருத்தை எழுத்தில் பதிவு செய்தார்கள். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து. 20-ந் தேதி விவசாய மசோதாக்களுக்கு வாக்குகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணவில்லை, குரல் ஓட்டிலேயே முடித்தார்கள். மறுநாள் கரீம் உட்பட எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்ட். எதிர்க்கட்சிகள் வெளியே நின்றன. 23-ந் தேதி மூன்று தொழிலாளர் தொகுப்புகளும் ராஜ்ய சபையில் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல், 2019-ன் ஊதியத் தொகுப்பையும் சேர்த்து நான்கும் அமல் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது.

கேள்வி கேட்பவனின் வாயை டில்லியில் அடைத்தால், அடி திருப்பூரில் விழுகிறது.

நம் பங்கு என்ன?

இங்கே ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் சபையில் கேள்வி போடுவதற்காக நம்மிடம் விவரம் கேட்டார்கள். உங்கள் வட்டாரத்தில் பவர் டேபிள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், பி.எப்., இ.எஸ்.ஐ. யாருக்கு உண்டு? நம்மிடம் கணக்கில்லை. "ஏராளம்" என்று எழுதினோம். "ஏராளம்" என்பதை வைத்துக்கொண்டு எந்த அங்கத்தினர் மந்திரியை மடக்குவார்? அந்தக் கேள்வி போடப்படவே இல்லை. பழி டில்லிமேல் அல்ல, நம்மேல்.

சபையும் வீதியும் இரண்டு மாட்டு வண்டி. ஒன்று நின்றால் வண்டி நகராது. 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. இடதுசாரி அங்கத்தினர்கள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். வெளியே தொழிற்சங்கங்கள் எழுந்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதை வாபஸ் வாங்கியதாக அறிவித்தார். வாக்குகளை எண்ணாமல் நிறைவேற்றிய அந்த விவசாயச் சட்டங்களும் விவசாயிகள் ஒரு வருஷம் டில்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பரில் ரத்தாயின.

ஆகவே இந்த வகுப்பிலிருந்து ஒரு வேலை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொருவரும் உங்கள் வீதியில் உள்ள பவர் டேபிள்களை எண்ணுங்கள். ஆள் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, வெளிமாநிலத் தோழர்கள் எத்தனை, ஒன்றரை ஷிப்டுக்கு என்ன கூலி, பி.எப். பிடித்தம் உண்டா? ஒரு நோட்டில் எழுதிச் சங்க ஆபீசில் கொடுங்கள்.

அந்த டெய்லர் தோழருக்கு நமது பதில் இது: டில்லியில் ஒருத்தர் பேசினால் மட்டும் அஞ்சு காசு ஏறாது. ஆனால் அவர் கையில் உங்கள் கணக்கும், அவர் பின்னால் உங்கள் சங்கமும் இருந்தால், உங்களிடமிருந்து பறிக்க வருகிறவன் யோசிப்பான்.

கணக்கெடுப்போம், தோழர்களே! சங்கத்தைக் கட்டுவோம்!