ஒட்டிப் பெறும் காந்தம்
(மதுரை வில்லாபுரத்தில் நிகழ்த்திய உரை)

 

வில்லாபுரத்துச் சிறுவன் ஒருவன் காந்தத்துண்டில் இரும்பாணியை ஒட்டுகிறான். அவ்வாணி மற்றோர் ஆணியை இழுக்கிறது. தனக்கில்லாத காந்தத்தை அது அண்டிநின்று பெற்றது. இரும்பல்லாத பொருளும் அவ்வாறு பெறக்கூடுமோ? கூடும் என்பர் இற்றை இயற்பியலார்.

உலோகம் என வழங்கும் மாழைக்கும் மின்கடத்தாப் பொருளுக்கும் இடைப்பட்டது அரைமாழை. சில அரைமாழைகளில் எதிர்மின்னிகள் நிறையற்றவை போல விரைகின்றன. சிறு நெளிவும் மாசும் அவ்வியல்பை எளிதிற் கெடுப்பதில்லை. அவற்றை இடத்தியல் அரைமாழை என்பர். அவற்றுட் பலவற்றிற்கு இயல்பான காந்தம் இல்லை.

காந்த அணுக்களை உள்ளே கலந்தால் என்ன? காந்தம் வரும், ஆனால், கலந்த அணுக்கள் எதிர்மின்னிகளை வழிமறித்துச் சிதறடிக்கும். ஆகவே, கலவாது ஒட்டவைக்கும் வழியைக் கண்டனர். காந்தமுடையதும் மின்கடத்தாததுமான ஒரு பொருளோடு அரைமாழைப் படலத்தைச் சேர்ப்பர். மின்னோட்டம் அரைமாழையிலேயே செல்லும். இரண்டும் தொடுமிடத்தில் காந்தப்பொருளின் தற்சுழற்சி ஒழுங்கு, அரைமாழையின் எதிர்மின்னிகளையும் தன்வழிப் படுத்தும். இத்தாக்கம் சில அணுத்தொலைவே எட்டும். இடையே மாசு புகுந்தால் குன்றும். தூய தொடுகையே இதன் உயிர்.

கிராபீன் என்னும் ஓரணுக் கரித்தாளும் இத்தகைய அரைமாழையே. 2015-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு ஆய்வர்கள் அதனை இட்ரியம் இரும்பு கார்னெட்டு என்னும் காந்தப் படலத்தின்மேல் இட்டனர். மின்னோட்டத்திற்குக் குறுக்கே தோன்றிய மின்னழுத்தம், கீழ்ப்படலத்தின் காந்தப் போக்கையே பின்பற்றியது. கரி, காந்தம் பெற்றது! வெப்ப இழப்புக் குறைந்த மின்கருவிகளை ஆக்குவதே இத்தகைய ஆய்வுகளின் நோக்கம்.

இஃது அயலார்க்கே உரிய துறையோ? அன்று! கிராபீன், கிராபைட்டின் ஒற்றை அடுக்கு. அக்கிராபைட்டின் காந்த இயல்பை 1930-களின் இறுதியில் கொல்கத்தாவில் கங்குலியோடு சேர்ந்து ஆராய்ந்தவர் கே. எசு. கிருட்டிணன். அதன் அடுக்கின் வழியே மின்னோட்டம் எளிதாய் ஓடுவதையும், குறுக்கே பெரிதும் தடைப்படுவதையும் அளந்து காட்டினார். அவர் 1898-இல் வத்திராயிருப்பிற் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்றவர். அவர் நடந்த மதுரைத் தெருக்களில் நடக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

பெற்றோரே! ஆணியோடு விளையாடும் சிறுவனிடம் இதனைத் தமிழிலேயே சொல்லுங்கள். கிருட்டிணன் ஆராய்ந்த கரி, அவன் கையிலுள்ள கரிக்கோலுக்குள்ளும் இருக்கிறது.