நாலு நரம்பும் ஒரு உள்கடனும்

(காரியாபட்டியில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு குழுவின் தீர்மான நோட்டை வாசித்தபோது நிறையப் பேர் சிரித்தீர்கள். "உக்குலேலே வாங்க உள்கடன் ரூ.2,000" என்று எழுதியிருந்தது. "அது என்னம்மா, உளுந்தா, கொள்ளா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நேரம் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடனை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆடு வாங்கு, தையல் மிஷின் வாங்கு, மல்லி விதைக்க வாங்கு, கொடுக்கலாம். பாட்டுப் பெட்டிக்குக் கடனா, வருமானம் வருமா என்று கேட்டேன். படித்த படிப்பு அப்படிப் பேச வைத்தது. கடன் கேட்ட அக்கா சொன்னார்: "காதுகுத்துக்குக் கொடுத்தீங்களே, அதுல என்ன வருமானம் வந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. குழு கொடுத்தது. மாதம் 200 வீதம் பத்துத் தவணை.

கல்லூரிக்குப் போகும் மகளுக்காகத்தான் வாங்கினார். அந்த அக்காவின் இடது கையில் நடு விரலும் மோதிர விரலும் மடங்காது. வெடி வேலைக்குப் போன காலத்தில் பட்ட காயம். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

உக்குலேலே என்பது கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து வாசிக்கிற சின்ன வாத்தியம். நாலே நரம்பு. ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில், போர்ச்சுக்கலைச் சேர்ந்த மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்கள் அங்கே போய் இறங்கினார்கள். நம் ஆட்கள் தேயிலைக்காக இலங்கைக்குக் கப்பல் ஏறினார்களே, அது போலத்தான். அந்தக் கப்பலில் மனுவல் நூனஸ், அகஸ்டோ டயாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்று மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தங்கள் ஊர்ச் சின்ன வாத்தியத்தைப் பார்த்து, ஹவாய் மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பேச்சில் 'உகு' என்றால் பேன், தெள்ளுப்பூச்சி. 'லேலே' என்றால் குதிப்பது. விரல்கள் அப்படித் துள்ளுவதால் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். (சிரிக்காதீங்க, நம்ம தலையிலயும் இருந்ததுதான்.)

இதில் சுதி சேர்ப்பது கொஞ்சம் விநோதம். முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது நாலாவது நரம்பு. அதுதான் கனமாக ஒலிக்கும் என்று நினைப்போம். கிடையாது. மூன்றாவதுதான் தணிந்த சத்தம். மூன்றாவதை 'ச' என்று வைத்துக்கொண்டால், மேலிருந்து கீழாக ப, ச, க, த என்று வரும். கடைக்காரர்கள் ஜி, சி, இ, ஏ என்பார்கள்.

மகள் ஒரு மாதத்தில் நாலைந்து பாட்டு வாசித்தாள். அம்மா மடியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நரம்பையும் வேறு வேறு மெட்டில் அமுக்க வேண்டியிருந்தது. விரல் மடங்காதவர் என்ன செய்வார்? "என் கைக்கு இது இல்ல"ன்னு வைத்துவிட்டார். அழவெல்லாம் இல்லை. சோறு வடிக்கப் போய்விட்டார். மகள்தான் சும்மா இருக்கவில்லை, போனில் தேடினாள்.

ஹவாய்க்காரர்கள் ரொம்ப நாளாகவே கிட்டாரின் நரம்புகளைத் தளர்த்தித் தங்கள் குரலுக்கு ஏற்றபடி சுதி மாற்றி வாசிக்கிறவர்கள். வீட்டுக்கு ஒரு சுதி வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் காத்ததும் உண்டு, நம் வீட்டு ஊறுகாய்ப் பக்குவம் மாதிரி. அதைப் பார்த்து மகள் ஒரே ஒரு திருகாணியைத் தளர்த்தினாள். முதல் நரம்பை 'த'விலிருந்து 'ப'வுக்கு இறக்கினாள். இப்போது ப, ச, க, ப. எந்த விரலும் வைக்காமல் மீட்டினாலே நாலும் சேர்ந்து இனிமையாகக் கேட்கிறது. ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப் போட்டு ஐந்தாவது மெட்டில் அமுக்கினால் மத்திமத்துக்குச் சேருகிறது, ஏழாவது மெட்டில் பஞ்சமத்துக்கு. நம்ம ஊர்ப் பாட்டு பாதிக்கு மேல் இந்த மூன்று இடத்திலேயே அடங்கிவிடும். ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல் அக்காவுக்கு நல்லாத்தான் இருக்கிறது.

பத்து வருஷமாக அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்துத்தான் குழுவுக்கு வருவார். வாசிக்கும்போது மறைக்க முடியாதல்லவா? நான் முதல்முறையாக அந்தக் கையை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்து வந்தது முளைப்பாரி. கும்மிக்கு இதை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பாடுகிற பாட்டியம்மாவுக்குக் கோபம். "கும்மிக்குக் கைத்தட்டு போதாதா?" என்றார். பிறகு பாடிப் பார்த்தார், ஒரு கட்டைச் சுதியில் மேலே ஏற முடியவில்லை, தொண்டை கமறியது. பெண்கள் பலருக்கு ஐந்து கட்டை ஒட்டித்தான் வசதி. வேறு வாத்தியம் வாங்கவா முடியும்? மறுபடி திருகாணிதான். கடைச் சுதியிலிருந்து மூன்றாவது நரம்பை இரண்டு மெட்டு அளவு ஏற்றி, இரண்டாவதையும் முதலாவதையும் இரண்டிரண்டு மெட்டு அளவு இறக்கினார்கள். முதலாவதும் நாலாவதும் ஒரே சத்தம், நடுவில் இரண்டும் ஒரே சத்தம். ஐந்து கட்டையில் ச, ப, ப, ச. தம்பூரா மாதிரி மீட்டிக்கொண்டே இருந்தால் போதும், மெட்டில் கையே வைக்க வேண்டாம். பாட்டியம்மா கடைசிவரை நல்லாருக்குன்னு சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் நேரத்துக்கு வந்துவிட்டார்.

நரம்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு தப்பு நடந்துபோனது. ஒன்று, நரம்பு அறுந்ததும் அக்காவின் கொழுந்தன் கிட்டாருக்குப் போடும் இரும்புக் கம்பியை மாட்டி முறுக்கிவிட்டார். இது நைலான் இழுவைக்காகச் செய்த மெல்லிய பலகை. கம்பி இழுத்த இழுப்பில், நரம்பைத் தாங்கும் குதிரைக்கட்டை பெயர்ந்து வந்துவிட்டது. ஒட்டி, இரண்டு நாள் கல் பாரம் வைத்து எடுத்தோம். அந்தக் காலத்தில் ஆட்டுக் குடல் நரம்பு, பிறகு நைலான். இப்போது ஃப்ளோரோகார்பன் என்று ஒன்று விற்கிறார்கள், தூண்டிலுக்குப் போடும் தங்கூஸ் வகைதான். இவற்றில் எது வேண்டுமானாலும் போடலாம், இரும்பு மட்டும் கூடாது.

இரண்டாவது தப்பு என்னுடையது. மதுரையில் நரம்பு வாங்கப் போனவள் அளவு சொல்லாமல் வாங்கி வந்தேன். உக்குலேலேயில் சொப்ரானோ, கான்சர்ட், டெனார், பாரிடோன் என்று நாலு அளவு. நான் வாங்கியது பெரிய பாரிடோனுக்கானது. அதன் சுதியே வேறு. சின்னதில் மாட்டினால் சரிப்படவில்லை. 300 ரூபாய் என் கைக்காசு போனது.

புது நரம்பு மாட்டினால் நாலைந்து நாளைக்குச் சுதி நிற்காது. புதுக் கயிற்றுக் கட்டில் தொய்வது போலத் தொய்யும். கெட்டுப்போச்சு என்று பயப்படாமல் தினமும் முறுக்கிச் சேர்த்தால் பிறகு நின்றுவிடும். நம்ம வெயிலுக்கு ஒன்று முக்கியம்: தகரக் கூரைக்குக் கீழே தொங்கவிடாதீர்கள், பலகை பிளக்கும், ஒட்டு விடும்.

கடன் பத்தாவது தவணையோடு போன மாதம் முடிந்துவிட்டது, ஒரு தவணையும் தவறவில்லை. இப்போது அதே குழுவில் இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு வயது 52. தலைவி என்னைப் பார்த்தார். நான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

பழகிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வரலாம். இருப்பது ஒன்றுதான், ஆளுக்குப் பத்து நிமிஷம். இடது கை நகத்தை மட்டும் வெட்டிவிட்டு வாங்க.